கொடும்பாவிக்கு என் தங்கச்சியின் சேலை

கூரைத் தகரத்தைக் கிரவல் கல் போட்ட ஒழுங்கைத் தெருவில் இழுத்தால் கேட்பவருக்குப் பல் கூசும். அன்று காலை அந்தச் சத்தம் ஒழுங்கை முகப்பில் தொடங்கி எங்கள் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. நான் தையல் மெஷினை விட்டு எழும்பி, வாயில் கடித்திருந்த ஊசியோடு வாசல் படலைக்கு வந்தேன்.

தகரத்தின் மேல் வைக்கோலால் கட்டிய ஒரு பெண் படுத்திருந்தாள். தலைக்குப் பதில் ஒரு பானை, பானையில் கரியால் கீறிய கண்ணும் மூக்கும். உடம்பில் கத்தரிப்பூ நிறச் சேலை, பச்சைக் கரை. அந்தக் கரைக்குள் ஃபோல்ஸ் துணி வைத்துத் தைத்தவள் நான். என் கைத்தையல் எனக்குத் தெரியாமல் போகுமா? அது என் தங்கச்சி வதனியின் சேலை.

சேலையையாவது பொறுத்திருப்பேன். பானையின் நெற்றியில் யாரோ குங்குமம் குழைத்து, தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்படி பெரிய பொட்டு வைத்திருந்தார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாவிக்குப் பெயர் இல்லை

மழை பிந்திப்போனால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரில் யாரோ செய்த பெரும் பாவம்தான் மழையை மறித்து நிற்கிறது என்பது கணக்கு. அந்தப் பாவியை வைக்கோலில் கட்டி, செத்தவீட்டில் அழுவதுபோல ஒப்பாரி வைத்து, ஊரெல்லாம் இழுத்துப்போய் எரித்தால் பாவம் தொலையும், மழை இறங்கும்.

பாவிக்குப் பெயர் வைப்பதில்லை. அதுதான் அந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்த இடம். எல்லார் வீட்டிலும் வைக்கோலும் பழந்துணியும் வாங்குவதால் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பாவிகள். பெயர் வைத்தால் அது வழக்கமில்லை, வம்பு.

நான் சொல்வது கிளிநொச்சியில் முரசுமோட்டைப் பக்கத்தில் நாங்கள் இருக்கிற ஒழுங்கையின் கதை. இரணைமடுக் குளத்து வாய்க்கால் எட்டாத மேட்டுக்காணிகள் எங்களுடையவை. புரட்டாதியில் காய்ந்த புழுதிக்குள் நெல்லை விதைத்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்ப்போம். ஐப்பசி மழை வந்தால் முளைக்கும். வராவிட்டால் எறும்பும் புறாவும் மயிலும் வந்து, நாங்கள் அழைப்பு அனுப்பியதுபோலச் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

மயில் ஆடினால் மழை என்று நகரத்தில் இருப்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எங்களுக்கு மயில் என்பது தோகை வைத்த கள்வன்.

எங்கள் வானிலை அறிக்கை

போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய மாட்டுக் கதையைப் படித்த ஒருவர், "உங்கடை ஒழுங்கையிலை எல்லாருக்கும் வாய் நீளமோ?" என்று கேட்டிருந்தார். வாய் மட்டுமில்லை, வானமும் நீளம். ஆளுக்கொரு வானிலை வைத்திருக்கிறோம்.

பக்கத்து வளவு லெச்சுமி அக்கா எறும்பைப் பார்ப்பார். எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போனால் மழை. அவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் தகப்பனார், ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறி வருவதற்கு முன்னரே இந்தக் காட்டை வெட்டி வெளியாக்கியவர்கள். ஆனாலும் இன்றைக்கும் சிலருக்கு அவர்கள் "வந்தாக்கள்", நாங்கள் "ஊராக்கள்". இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை.

முன்வீட்டுப் பவளம் அக்காவுக்கு முழங்கால்தான் வானிலை. வலி கூடினால் மழை. மழை வராவிட்டாலும் வலி கூடத்தான் செய்யும், அதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

கனடாவில் இருக்கிற எங்கள் தம்பி ஃபோனைப் பார்த்துச் சொல்லுவான்.

"அக்கா, இண்டைக்குப் பின்னேரம் கிளிநொச்சியிலை நல்ல மழையாம். வெளியிலை போனால் குடை கொண்டு போங்கோ."

நான் வெளியே எட்டிப் பார்ப்பேன். நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிழல் தேடி அலையும்.

"ஓமடா, குடை கொண்டுதான் போறன். வெயிலுக்கு."

அந்த வருடம் எல்லாருடைய வானிலையும் பொய்த்தது. சோழகக் காற்று ஓய்ந்துவிட்டது, ஆனால் சூடு ஓயவில்லை. பின்னேரங்களில் இரணைமடுப் பக்கம் மேகம் கறுத்துக் கட்டும். வாசம் கூட வரும், நனைந்த மண்ணின் வாசம், வேறு யாருடையவோ மண். பிறகு மேகமெல்லாம் முல்லைத்தீவுப் பக்கம் போய்விடும். கயிற்றில் காயும் உடுப்பை எடுக்க ஓடிய பெண்கள் வெறுங்கையோடு திரும்பி வருவார்கள்.

கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

வதனியின் புருஷன் ஏ-ஒன்பது வீதியில் டிப்பர் லொறி மோதிச் செத்தவர். அதற்குப் பிறகு பல மழைகள் போய்விட்டன. அவள் தனியாக வயல் செய்தாள், தனியாகவே சூடடித்தாள். லெச்சுமி அக்காவின் தம்பி ராஜு எங்கள் வயலுக்கு உழ வருவான். லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு மெஷின் ஓட்டுகிறவன், பேச்சுக் குறைவு. எப்போது இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வதனி வந்து, "அக்கா, நான் ராஜுவைக் கட்டப்போறன்" என்றாள். அம்மா ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தார். அடுத்த நேரம் பசித்தது, சம்மதித்துவிட்டார்.

கலியாணப் பதிவுக்கு, எங்கள் பேச்சில் எழுத்துக்கு, நாள் வைத்த அன்றே வதனி ஒரு சின்ன ஒட்டுப்பொட்டு வைத்தாள். அதற்கும் மழை பிந்தியதற்கும் முடிச்சுப் போட்டது பவளம் அக்கா. கடையடியில், நான் நூல் வாங்கிக்கொண்டு நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னார்.

"தாலி அறுத்தவள் திரும்பப் பொட்டு வைச்சால் வானம் என்னெண்டு இரங்கும்? அதுவும் ஆரைக் கட்டப்போறாள் பாருங்கோ."

"நான் கலியாணமே கட்டாமல் இருக்கிறன், அக்கா. அதுக்கு மழை ஒருநாளும் கோவிக்கேல்லை. இவள் கட்டப்போறாள் எண்டோடனை அதுக்குக் கோவம் வந்திட்டுதோ?" என்று கேட்டேன்.

கடைக்காரர் சிரித்தார். ஆனால் சிரிப்பு கடையோடு நின்றுவிட்டது. கதை கடையைத் தாண்டிப் போனது. கிணற்றடிக்கு வதனி போனால் பேச்சு நிற்கும். ராஜுவை உழவுக்குச் சொல்லியிருந்தவர்கள் "பிறகு பாப்பம்" என்றார்கள்.

கொடும்பாவி இழுத்ததற்கு முதல்நாள் பின்னேரம் வதனி கண்ணாடிக்கு முன்னால் நின்று நெற்றிப் பொட்டை உரித்தாள். எறியவில்லை. கண்ணாடியின் மூலையில் ஒட்டினாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை எழுத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போடுவமே? மழை வந்தாப்பிறகு பாப்பம்."

"மழை வராட்டி?"

எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் முதலில் வந்தது. தள்ளிப்போட்ட கலியாணங்கள் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். என்னுடையது அப்படித் தள்ளிப்போட்டதுதான். அந்தக் கதையை இன்னொரு கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன், இல்லை, எழுதாமலே விட்டாலும் விடுவேன்.

ஐயாவின் சேட்டு

நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் ஒருமுறை கொடும்பாவி கட்டினார்கள். அந்தப் பாவிக்கு ஐயாவின் மேற்சட்டையை, அவருடைய சேட்டைத்தான் போட்டார்கள். ஒழுங்கையில் வயிறு முன்தள்ளி வண்டி வைத்த ஆள் அவர் ஒருவர்தான், வைக்கோல் நன்றாகக் கொள்ளும் என்று கேட்டு வாங்கினார்கள்.

ஐயா சேட்டைக் கொடுத்துவிட்டு ஊர்வலத்திலும் போனார். தன் சேட்டைப் பார்த்துத் தானே மார்பில் அடித்து, "ஐயோ, நல்ல மனுசன், கடைசிமட்டும் ஒரு பொத்தானும் அறுக்காதவன்" என்று அழுதார். பெண்கள் ஒப்பாரியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். யாருடைய பாவம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. மழை வந்ததா என்று எனக்கு நினைவில்லை. சிரிப்பு நினைவிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பிறகு நாங்கள் கூரைத் தகரத்தைக் கழற்றி உழவு மெஷினில் ஏற்றிக்கொண்டு இடம் இடமாக ஓடிய போர்க் காலத்தில், மழை கூடிப் பெய்தது. தறப்பாள் கூடாரத்துக்குள் முழங்காலளவு தண்ணீர், சோற்றுப் பானை மிதந்தது. அப்போது யாரும் பாவியைத் தேடவில்லை. அந்தத் தண்ணீருக்கு யாருடைய நெற்றியையும் யாரும் பார்க்கவில்லை. பாவி என்றால் எங்கள் ஆட்களுக்குள், அதிலும் குரல் எழும்பாத ஆளாகப் பார்த்துத்தான் தேட வேண்டும் என்று யார் சொல்லித் தந்தார்களோ தெரியாது.

படலையடியில்

சேலை அங்கே போனதற்கு நாங்களேதான் காரணம். கலியாணத்துக்கு முன் அலுமாரியை ஒழுங்குபடுத்திய வதனி, பழைய சேலைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவு மூலையில் வைத்திருந்தாள். இளந்தாரிகள் வந்து, "கொடும்பாவிக்கு ஆம்பிளையளின்ரை பழைய சேட்டு, சாரம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பெண்கள் இருக்கிற வீட்டில் சேட்டுக்கு எங்கே போவது? அம்மா மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பாவி பெண்ணானது அப்படித்தான். பொட்டு வந்தது மட்டும் அப்படியில்லை.

தகரம் எங்கள் படலைக்கு முன் வந்து நின்றது. கயிற்றின் தலைப்பைப் பிடித்திருந்தவன் ராஜு. யாருடைய சேலை என்று தெரியாமலே இழுத்து வந்தவன். பவளம் அக்கா தலையை விரித்துப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை.

நான் வாயிலிருந்த ஊசியை எடுத்துச் சட்டையில் குத்தினேன். இனி வாய்க்கு வேறு வேலை இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வதனி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு வெளியே போனாள். தகரத்தின் அருகில் குந்தி, சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ரை சேலை."

"உங்கடை அம்மாதான் தந்தவா," என்றார் பவளம் அக்கா.

"ஓம் அக்கா, தந்தவாதான். பொட்டு ஆர் வைச்சது?"



"இது மழைக்குச் செய்யிறது, பிள்ளை. இதிலை ஆரின்ரையும் பேர் இல்லை," என்றார் பவளம் அக்கா.

"சேலையும் என்ரை, பொட்டும் என்ரை. அப்ப பிணமும் என்ரை வீட்டுப் பிணம்தானே," என்றாள் வதனி. குரலை உயர்த்தவேயில்லை. "றோட்டிலை போட்டு இழுக்கிறதுக்கு இவள் என்ன நாதியத்தவளே? வீட்டுக்குக் கொண்டு வாங்கோ. முறைப்படி அழுது அனுப்புவம். ராஜு, உள்ளுக்கை இழுங்கோ."

ராஜு அவளைப் பார்த்தான். பிறகு சேலையைப் பார்த்தான். முகம் கறுத்துப்போனது. கயிற்றைத் தோளில் போட்டு வீட்டு வளவுக்குள் இழுத்தான். பின்னால் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பிணம் உள்ளே போனால் சனமும் உள்ளே போகத்தான் வேண்டும்.

செத்தவீடு

வேப்பமரத்துக்குக் கீழே தகரத்தை வைத்தோம். தலைமாட்டில் வதனி இருந்தாள், வீட்டுக்காரி இருக்க வேண்டிய இடத்தில். லெச்சுமி அக்கா மறுபக்கம் இருந்து, தொண்டையைச் செருமி, தன் தோட்டத்து ராகத்தில் தொடங்கினார்.

"வெதச்ச நெல்லு புழுதியில, வெளஞ்ச பேச்சு வீதியில…"

அவர் அந்த இடத்திலேயே கட்டிய அடி அது. கேட்ட பெண்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

செத்தவீட்டுக்கு வருகிற பெண்கள் வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அது முறை. ஒவ்வொருவராக வந்து வதனியின் கழுத்தைக் கட்டினார்கள். கிணற்றடியில் அவளோடு பேச்சை நிறுத்தியவர்கள் எல்லாரும் வந்தார்கள். கடைசியாகப் பவளம் அக்கா வந்தார். வேறு வழியில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொய்க்கு அழத் தொடங்கிய பவளம் அக்காவுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது.

"என்ரை விதைநெல்லு முழுக்க மயில் திண்டிட்டுது, பிள்ளை. திருப்பி விதைக்க ஒரு மணியும் இல்லை," என்று வதனியின் தோளில் முகத்தை வைத்து விக்கினார். "நான் என்ன செய்வன்?"

பயந்த மனுசி யார் மேலாவது பழியைப் போடப் பார்த்திருக்கிறார். எனக்கு அது விளங்கியது. மன்னிக்க மனம் வரவில்லை, அது வேறு விஷயம். வதனி அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொண்டே சொன்னாள்.

"செத்தவீட்டிலை அடுப்பு மூட்டேலாது, அக்கா. அயல்தான் சாப்பாடு தரவேணும். இண்டைக்கு மத்தியானம் உங்கடை வீட்டிலையிருந்து."

பவளம் அக்கா அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். மறுக்க முடியாது. முறை தெரிந்தவர் என்று ஒழுங்கையில் பெயர் எடுத்ததே அவர்தான்.

"கத்தரிக்காய் வேண்டாம், பவளம். எனக்கு உடம்பெல்லாம் கடிக்கும்," என்றார் அம்மா, வீட்டு வாசலில் நின்றபடி.

கொள்ளி

வயல் எல்லைக்குக் கொண்டுபோனார்கள். நாங்களும் போனோம். புழுதி காலைச் சுட்டது. வைக்கோலுக்கு நெருப்பு வைக்க ஒருவர் முன்னால் வந்தபோது வதனி கையை நீட்டினாள்.

"தாங்கோ. நான் வைக்கிறன்."

"பொம்பிளை கொள்ளி வைக்கிறதோ?" என்று பின்னால் ஒரு குரல் முணுமுணுத்தது.

"செத்ததும் பொம்பிளைதானே," என்றாள்.

காய்ந்த வைக்கோல் உடனே பிடித்தது. கத்தரிப்பூ நிறம் கறுத்துச் சுருண்டது. பானை வெடித்தது. வதனி சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"என்ரை மனுசன் செத்த நாளிலையிருந்து நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டிருந்த விதவை இவள்தான். வடிவாப் பாருங்கோ, எரியிறாள். செத்தவையைப் பற்றிக் கூடாமல் கதைக்கப்படாதெண்டு நீங்கள்தான் சொல்லுவியள். இனி இவளின்ரை கதையை ஒருத்தரும் கதைக்கப்படாது."

லெச்சுமி அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அவ்வளவுதாங்க. எல்லாரும் போய்த் தலை முழுவுங்க," என்றார்.

இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. இந்த ஒழுங்கையில் பெரிய வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். அன்றைக்கு என் வாய்க்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

வாசலில்

அன்று மழை பெய்யவில்லை. பெய்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் எங்கள் ஒழுங்கை ஆட்களும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறார்கள். மழை தனக்கு மனம் வந்தபோது வந்தது. கொடும்பாவியால் வந்தது என்று அவர்கள் சொன்னார்கள். நான் குடையை விரித்தேன்.

நாங்கள் வயலால் வந்து கிணற்றடியில் தலை முழுகினோம். கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது, வாளி கல்லில் முட்டியது. வதனி ஈரத் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடி மூலையில் இருந்த பொட்டை எடுத்தாள். பசை காய்ந்திருந்தது. விரலை நாக்கில் தொட்டு நனைத்து, பொட்டின் பின்னால் தடவி, நெற்றியில் வைத்து அமர்த்திப் பிடித்தாள். ஒட்டும்வரை கையை எடுக்கவில்லை.

மத்தியானம் பவளம் அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். சோறு, பருப்பு, பூசணிக்காய், முருங்கையிலை வறை. கத்தரிக்காய் இல்லை. அம்மா நன்றாகச் சாப்பிட்டார். வதனி எதிரில் இருந்து சாப்பிட்டாள். பவளம் அக்கா அவளுடைய நெற்றியை ஒருமுறை பார்த்தார், பிறகு கேரியர் தட்டைப் பார்த்தார்.

"பருப்புக்கு உப்புக் காணாது," என்றேன் நான். என் வாய்க்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே.

வெறும் கேரியரைத் தூக்கிக்கொண்டு அவர் எழும்பினார். செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள் "போயிட்டு வாறன்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் சாவு திரும்பவும் அந்த வீட்டுக்கு வரும் என்பார்கள். பேசாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். இந்த முறையை எங்கள் ஒழுங்கைச் சிறுபிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தவரே பவளம் அக்காதான்.

பேசாமல்தான் போனார். முற்றத்தைத் தாண்டினார். வேப்பமரத்தடியில் சிந்திக் கிடந்த வைக்கோலைத் தாண்டினார். படலைக் கொளுக்கியில் கையை வைத்தவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வதனியைப் பார்த்தார்.

"அப்ப நான் போயிட்டு வாறன், பிள்ளை."

"ஓம் அக்கா, வாங்கோ," என்றாள் வதனி. "வெள்ளிக்கிழமை எழுத்து. முன்னுக்குக் கதிரை போட்டு வைக்கிறன்."